ஈரம் காயாத முகம்

நல்லம்மா தன் மருமகனிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால்கூட, "எதுக்கு மருமகன் வீண் செலவு" என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கு மட்டும், வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலை மண்டபத்தின் மூலையில் பாயில் இருந்தபடி, பக்கத்தில் கிடந்த உரச் சாக்கை அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"இதுல மண்ணு இருக்கு மருமகன். நம்ம லயம் நின்ன எடத்து மண்ணு. ரவிக்கு ஒரு மொகம் செஞ்சி தாங்க."

நிரஞ்சன் சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தான்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், அந்தப் பெருமழையின் விடியற்காலையில் மலை இறங்கி வந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தை அப்படியே மூடிவிட்டது. மேல் லயத்தில் காய்ச்சலில் கிடந்த உறவுக்காரிக்குத் துணையாகப் போயிருந்ததால் நல்லம்மா தப்பினாள். வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்த மகன் ரவிகுமார் தப்பவில்லை. மற்றவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அவனுடையது மட்டும் கிடைக்கவில்லை. இராணுவம் தோண்டியது, தோட்டத்து இளைஞர்கள் தோண்டினார்கள், பிறகு எல்லோரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மானாப்புல்லைக் கட்டி, செத்தவரின் உடுப்பைப் போட்டு உடம்பு செய்வார்கள். மண்ணைப் பிசைந்து உருட்டித் தலை வைப்பார்கள். பெட்டியில் கிடத்தி, செய்ய வேண்டிய சடங்கெல்லாம் செய்து, புதைத்துவிடுவார்கள்.

"கண்ணு மூக்கெல்லாம் வைக்க மாட்டாங்க. சும்மா ஒரு உருண்ட" என்றாள் நல்லம்மா. "அந்த உருண்டைய பாத்து எம்புள்ளனு எப்பிடி அழுவேன், சொல்லுங்க? செல செய்யிற மனுசன் நம்ம வீட்டுலயே இருக்கப்ப எம்புள்ள மொகமில்லாம போகணுமா?"

"செய்யிறேன் அத்தை."

"தெல்தெனிய பக்கம் வீடு குடுக்குறாங்களாம். தை பொறந்ததும் எங்கள எறங்க சொல்றாங்க. அவன வழியனுப்பாம நான் இந்த மலைய விட்டு எறங்க மாட்டேன். அத மட்டும் தெரிஞ்சிக்கங்க."

தேநீர்க் கோப்பையோடு வந்த அவன் மனைவி சர்மிளா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவன் செத்துட்டான்னு யாரும்மா சொன்னா? போன தடவயும் சொல்லாம கொள்ளாம கொழும்புக்கு போயி, மாசக்கணக்கா கழிச்சி ஃபேன் ஒண்ண தூக்கிக்கிட்டு வந்து நிக்கலயா? அப்பயும் இப்பிடித்தான் அழுத."

நல்லம்மா மகளைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தில், சேறு காய்ந்து வெளுத்த ஒற்றைச் செருப்பு ஒன்று இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவன் செருப்ப போட்டுக்கிட்டு போனான் சர்மி."

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், சாக்கில் என்ன என்று நடத்துநர் சிங்களத்தில் கேட்டார். மண் என்று சொல்ல நிரஞ்சனுக்கு நாக்கு எழவில்லை. உரம் என்றான். சர்மிளா யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில், தென்னெக்கும்புரவில் இறங்கினார்கள்.

வீட்டுக்குள் வந்து கைப்பையைக் கதிரையில் போட்ட பிறகுதான் பேசினாள்.

"நீங்க செஞ்சி முடிச்சா அவன் செத்தவனாயிருவான்."

"நான் செய்யாட்டி உங்க அம்மா அந்த மண்டபத்த விட்டு வர மாட்டாங்க."

"செய்ங்க. வேணாம்னு சொல்ல எனக்கு உரிமையில்ல, அவங்க பெத்தவங்க. ஆனா எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அந்த ஷெட் பக்கமே நான் வர மாட்டேன்."

நிரஞ்சனுக்கும் ரவி வெறும் மச்சினன் இல்லை. அந்தக் காலத்தில் சர்மிளாவின் அப்பா, "செல செய்யிறவனுக்கு கட்டிக் குடுத்தா எம்மவ சோத்துக்கு பதிலா சீமெந்தயா திம்பா?" என்று மறித்து நின்றபோது, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஹுன்னஸ்கிரிய பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தது பாடசாலைச் சட்டை போட்ட ரவிதான். "மச்சான், அக்காவ அழ விட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், உங்க மூக்க நான் செதுக்கிருவேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றி விட்டான். பிறகு அப்பாவும் சமாதானமானார், போய்ச் சேர்ந்தார். நிரஞ்சன் ஹோட்டல்களுக்கு ஃபைபரில் யானைகளும் நடனக்காரர்களும் செய்து வீட்டு வாடகை கட்டினான். ரவி வந்தால், "மச்சான், இந்த யானைக்கு எங்க பெரிய கங்காணி மூஞ்சி" என்று தும்பிக்கையைத் தட்டிவிட்டுப் போவான்.

யானைகள் பிழைப்புக்கு. நிரஞ்சனின் மனசு சுடுமண் முகங்களில் இருந்தது. அவன் பிறந்து வளர்ந்த கலஹா தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராகச் செய்து, வீட்டுக்குப் பின்னால் அவன் வேலை செய்யும் ஷெட்டின் பலகைகளில் அடுக்கியிருந்தான். ஆனால் எதுவும் அவனுக்குத் திருப்தி தந்ததில்லை. கண், மூக்கு, தாடை எல்லாம் சரியாக இருக்கும். ஆள் மட்டும் உள்ளே இருக்க மாட்டார். கொழும்பில் கண்காட்சிகள் நடத்தும் சஞ்சீவனி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நிக்கிற மாதிரி நிக்கினம், நிரஞ்சன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மண்ணைச் சலிக்கத் தொடங்கிய அன்றுதான் தான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. எத்தனையோ வருடங்களாக மண் சலித்த கை. இப்போது ஒவ்வொரு தடவை சல்லடையை ஆட்டும்போதும், கம்பி வலையில் எது தங்கப்போகிறதோ என்று குனிந்து பார்த்தான். தேயிலை வேர்கள் தங்கின. கற்கள் தங்கின. பூப்போட்ட பீங்கான் கோப்பையின் உடைந்த துண்டு ஒன்று தங்கியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். அதைக் கழுவிப் படியின் ஓரத்தில் வைத்த பிறகுதான் மறுபடி சல்லடையைத் தொட முடிந்தது.

மலை மண் தனியாக நிற்காது, பிளந்துவிடும். ஓட்டுத் தொழிற்சாலையில் வாங்கும் களிமண்ணோடு கலந்து பிசைந்தான். பலகையில் நட்ட கட்டையில் தும்புக் கயிறு சுற்றி, அதன்மேல் மண்ணை அப்பினான். தொலைபேசியில் இருந்த படங்கள் எல்லாவற்றிலும் ரவி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரமாகியும் அவன் முன்னால் நின்றது யாரோ ஒரு பையன்.

ஈரக் களிமண்ணில் வேலை செய்கிறவர்கள் கைவேலை நிற்கும்போதெல்லாம் அதை நனைந்த துணியால் சுற்றி வைப்பார்கள். துணி காய்ந்தால் மண் காயும். காய்ந்த மண்ணை அதன் பிறகு திருத்த முடியாது. வேலை முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். நிரஞ்சன் சர்மிளாவின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, அதைத்தான் தினமும் நனைத்துச் சுற்றினான்.

ஒரு வேலை விஷயமாகக் குருநாகல் போய், மறுநாள் மத்தியானம்தான் திரும்பினான். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. துணி காய்ந்திருக்குமே என்று பதறிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினான். துணி ஈரமாகவே இருந்தது. அடியில் பலகையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே நனைக்காமல் விட்டுப் பார்த்தான். சர்மிளா டவுனில் மருந்து விற்கும் பாமசிக்கு வேலைக்குப் புறப்படுவதற்கு முன், கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும். பிறகு ஷெட்டின் தகரக் கதவு மெல்லத் திறக்கும்.

ஒரு நாள் மாலை அவன் காதைத் திருத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"காது அப்பிடியில்ல."

அவன் திரும்பவில்லை. திரும்பினால் அவள் போய்விடுவாள் என்று பயந்தான்.

"எடது காது மேல கொஞ்சம் மடிஞ்சிருக்கும். சின்னதுல அம்மா முதுகுல கட்டிக்கிட்டு கொழுந்துக்கு போறப்ப, அந்தப் பக்கமாவே சாஞ்சி தூங்குவான்."

அவன் காதை மடித்தான். அவள் ஒரு அடி கிட்ட வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும், சேலைகூட மாற்றாமல் ஷெட்டுக்கு வந்தாள். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைச் சொன்னாள். கழுத்து எலும்பைச் சொன்னாள். சாப்பிட மறந்து இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்சரிவுக்குப் பிறகு முதல்முறையாக அவள் சிரித்ததும் அங்கேதான்.

"பொய் சொல்லப் போறான்னா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். கீழ் உதட்ட லேசா உள்ள இழுத்துக்குவான். 'அக்கா, அது வந்து'ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் காத திருகிருவேன்."

நிரஞ்சன் பெருவிரலால் கீழுதட்டை ஓர் இழை உள்ளே அழுத்தினான்.

பலகையின் மேல் ரவி இருந்தான். எங்கே போயிருந்தேன் என்று ஒரு பெரிய கதை விடுவதற்கு வாயெடுத்தவன்போல இருந்தான்.

சர்மிளா தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். "எங்கடா போயிருந்த?" என்றாள், மிகச் சாதாரணமாக.

அந்த நேரத்தில் நிரஞ்சனுக்கு வந்தது துக்கம் அல்ல, சந்தோஷம். இத்தனை காலம் கைக்கு அகப்படாத ஒன்று அகப்பட்டுவிட்ட சந்தோஷம். அதை நினைத்து வெட்கப்பட்டான். ஆனாலும் அது போகவில்லை.

நல்லம்மா தொலைபேசியில் நாள் கேட்கத் தொடங்கினாள். "முடிஞ்சிருச்சா மருமகன்?" என்பாள். "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்று சர்மிளா இடையில் வாங்கிப் பதில் சொல்லுவாள். இன்னும் என்ன இருக்கிறது என்று நிரஞ்சன் கேட்கவில்லை. துணி ஈரமாக இருக்கும் வரை வேலை முடியவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவனுக்கும்தான்.

சஞ்சீவனி வந்தது ஒரு சனிக்கிழமை. கண்காட்சிக்கு எதை எடுக்கலாம் என்று பார்க்க வந்தவள், பலகைகளில் இருந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, துணி சுற்றியிருந்ததைக் காட்டி, "இது?" என்றாள். சர்மிளா பாமசியில் இருந்தாள். நிரஞ்சன் துணியை எடுத்தான்.

அவள் கையிலிருந்த குடையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமோ நீங்க என்ன செய்திருக்கிறீங்கள் எண்டு?"

"தெரியும்" என்றான் அவன்.

விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. "புதைக்கிறதோ?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அவையின்ர துக்கத்தில குறுக்க நிக்கேல்ல, நிரஞ்சன். அச்சு எடுத்துப்போட்டு மண்ணைக் குடுங்கோ. நான் வெண்கலத்தில வார்க்க ஏற்பாடு செய்யிறன். கண்காட்சிக்கு நடுவில இது ஒண்டு நிண்டால் போதும். இப்பிடி எத்தனை சனம் மண்ணுக்குள்ள போச்சுது, ஒருத்தருக்கெண்டாலும் முகம் இருக்கட்டுமே" என்றாள்.

அவள் சொன்னது அநியாயம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவனைத் தின்றது.

அச்சு எடுத்தால் மண் முகம் மிஞ்சாது. மேலே பூசும் சாந்து காதிலும் உதட்டிலும் பிடித்துக்கொண்டு, பிரித்தெடுக்கும்போது மண்ணையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். ஒன்று வெண்கலம், இல்லையென்றால் புதைகுழி. இரண்டில் ஒன்றுதான். அச்சு எடுத்த பிறகு மிஞ்சுகிற மண்ணை அவசரமாக ஒரு முகமாக்கி நல்லம்மாவிடம் கொடுக்கலாம். அழுகிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சர்மிளாவுக்கு அப்புறம் விளக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டான். அவள் பாமசியிலிருந்து வர ஆறு மணியாகும்.

தகரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, முகம் வேறு பிடரி வேறாக அச்சு பிரிவதற்காக, ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை வரிசையாக மண்ணில் குத்தினான். பரிஸ் சாந்தை வாளியில் கரைத்தான். முதல் கைப்பிடியை அள்ளியபோது தகரக் கதவு திறந்தது.

பாமசியில் மின்சாரம் இல்லை என்று நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

சர்மிளா தம்பியின் தலையைப் பார்த்தாள். உச்சியில் ஒரு கோடாகக் குத்தி நின்ற தகரங்களைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு தகரமாகப் பிடுங்கத் தொடங்கினாள். கால்முள் எடுப்பதுபோல மெதுவாகப் பிடுங்கினாள். அவள் விரலில் வெட்டி இரத்தம் வந்தது.

"அச்சு எடுத்தா அவன் என்னைக்கும் இருப்பான், சர்மி."

"யாருக்கு?"

அவன் அள்ளிய சாந்தைத் திரும்ப வாளியில் போட்டான்.

"கொழும்புல ஏசி போட்டு வச்ச எடத்துல, ஜூஸ் குடிச்சிக்கிட்டு வந்து பாக்குறவங்களுக்கா? வந்துருவான் வந்துருவான்னு நான் துணி நனைக்கிறேன். நீங்க அவன் தலையில தகரம் குத்துறீங்க." கடைசித் தகரத்தைப் பிடுங்கித் தரையில் போட்டாள். "அக்காவ அழ விட்டா மூக்க செதுக்கிருவேன்னு சொன்னான்ல? நல்ல வேள, கேக்க அவனில்ல."

இல்லை என்று சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

வாளியில் சாந்து சூடேறி இறுகிக்கொண்டிருந்தது. நிரஞ்சன் தகரம் குத்திய பிளவுகளை விரலால் ஒவ்வொன்றாக மூடினான். மூடினாலும் எங்கே இருந்தன என்று அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் தேநீரை அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அம்மாக்கு சொல்லிட்டேன். வார ஞாயித்துக்கெழம. இனிமே இது இங்க இருக்க வேணாம். ஒங்ககிட்டயும் வேணாம், எங்கிட்டயும் வேணாம்."

அலவத்துகொட மக்கீன் நானாவின் வேனில்தான் நிரஞ்சனின் யானைகள் எல்லாம் ஹோட்டல்களுக்குப் போகும். "தம்பி, ஒங்கட ஆனைய ஏத்தி ஏத்தி என்ட வேனுக்கும் தும்பிக்கை மொளச்சிட்டு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சர்மிளா மடியில் துணி சுற்றிய தலையை வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏறியதும், ரேடியோவை நிறுத்தினார்.

"மகள், வளைவு வரச்செ செல்றன். கெட்டியா புடிச்சிக்கோங்க."

தெல்தெனிய தாண்டி மலை ஏறத் தொடங்கியது. பாதையோரமெல்லாம் சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. துணியிலிருந்து கசிந்த தண்ணீர் அவளுடைய வெள்ளைச் சேலையில் ஒரு வட்டமாகப் பரவியது. நிரஞ்சன் ஒரு துவாலையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

பாடசாலை முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டி திறந்திருந்தது. மானாப்புல் உடம்புக்கு ரவியின் நீலச் சட்டையைப் போட்டு, வேட்டி சுற்றியிருந்தார்கள். உறவுக்காரர் வீட்டில் அவன் எப்போதோ விட்டுவிட்டுப் போன சட்டை அது. கோயில் பூசாரி இருளப்பன் தேங்காய், பூவெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, இருட்டிக்கொண்டு வந்த வானத்தை அடிக்கடி பார்த்தார்.

நிரஞ்சன் கட்டையோடு தலையைச் சட்டைக் கழுத்தில் பொருத்தித் துணியை எடுத்தான்.

பறை நின்றது. முன்வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். ஒரு பெண் "ஐயோ ரவி!" என்று அலறினாள், அதைத் தொடர்ந்து முற்றம் முழுவதும் அலறல் எழுந்தது. நல்லம்மா மட்டும் அழவில்லை. பெட்டியின் அருகில் மண்டியிட்டு மகனின் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்ததை நிரஞ்சன் கண்டான்.

"என்னமோ சொல்ல வாறான்" என்றாள் அவள். "பாரு சர்மி, வாயெடுக்கிறான்."

"தாயி, நேரமாவுது" என்றார் இருளப்பன். "மழை வந்தா மேல ஏற முடியாது. மூடிருவோம்."

"மூடாதீங்கய்யா!" நல்லம்மா இரண்டு கைகளாலும் தலையை அணைத்துக்கொண்டாள். "உசிரோட இருக்கவன் மேல யாராச்சும் மண்ணு போடுவீங்களா? நான் வச்சிக்கிறேன். எம்பாய்க்கு பக்கத்துல வச்சிக்கிறேன். என் மருமகன் எனக்கு எம்புள்ளைய கொண்டாந்து குடுத்திருக்காரு. மண்ணுக்குள்ள அனுப்ப நான் மாட்டேன்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் அவளைத் தொடத் துணிவில்லை.

நிரஞ்சன் தன் கைகளைப் பார்த்தான். வெறும் உருண்டை போதும் என்று அந்த மலையில் முன்னால் வாழ்ந்த யாரோ காரணத்தோடுதான் முடிவு செய்திருக்கிறார்கள். அவன்தான் உருண்டைக்குக் கண் வைத்தான், உதடு வைத்தான். புதைப்பதற்குக் கேட்ட ஒன்றை, புதைக்கவே முடியாதபடி செய்து கொண்டுவந்திருக்கிறான்.

சர்மிளா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி அந்த மண்டப மூலையில், தினமும் விடிந்ததும், நல்லம்மா வாளியோடு குழாயடிக்குப் போவாள். துணியை நனைப்பாள். தை வரும், போகும். அவள் இறங்க மாட்டாள். அது எப்படி இருக்கும் என்று சர்மிளாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"யாராச்சும் ஒரு செம்புல தண்ணி கொண்டாங்க" என்றாள்.

கைகளை நனைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே மண்டியிட்டாள். பிறகு நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். தகரம் பிடுங்கிய நாளுக்குப் பிறகு அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எனக்கு தெரியாது. எங்கருந்து தொடங்கணும்?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மூக்குலருந்து" என்றான்.

"வேணாம் சர்மி" என்றாள் நல்லம்மா. "அடியே, வேணாம்."

"அம்மா, இது அவனில்லம்மா. அவன் மேல இருக்கான். நம்ம மண்ணுலயே இருக்கான்." அவள் குரல் உடைந்தது. "நாந்தாம்மா அவன போக விடாம துணி நனைச்சி வச்சிருந்தேன். விடும்மா."

அவள் விரல் மூக்கின்மேல் வந்து நின்றது, நகரவில்லை. நிரஞ்சன் தன் கையை அவள் கைமேல் வைத்தான். சேர்ந்து அழுத்தினார்கள். மண் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது. மூக்கு தாழ்ந்தது. பிறகு புருவமும் தழும்பும். பிறகு கண்கள். மடிந்திருந்த இடது காதை அவள் தன் உள்ளங்கையால் மூடி, அப்படியே தலையோடு சேர்த்துத் தடவினாள். ஒவ்வொன்றும் போகும்போது, இதை எந்த மாலையில் செய்தேன், அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அவன் நினைவில் வந்து போனது. இனி ஒரு முகத்தை இப்படிச் செய்ய வாய்க்குமா என்ற பயமும் கூடவே வந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

உதடு மட்டும் மிஞ்சியது. கதை விடத் தயாராக, உள்ளே இழுத்த உதடு. அதன்மேல் சர்மிளாவின் கை போகவில்லை. நிரஞ்சனின் கையும் போகவில்லை.

நல்லம்மா அணைத்திருந்த கைகளைத் தளர்த்தினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைச் செம்பில் நனைத்து, சோறு ஊட்டி முடித்த பிள்ளைக்கு வாய் துடைத்து விடுவதுபோல, ஒரே ஒரு தடவை துடைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை அந்த மலைக்கே கேட்டிருக்கும்.

ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். வழக்கப்படி பெண்கள் பாடசாலையிலேயே நின்றுவிட்டார்கள். முதல் பிடி மண்ணை நிரஞ்சன்தான் போட்டான். இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. 'அச்சு எடுத்தாச்சோ?' என்று சஞ்சீவனி கேட்டிருந்தாள். ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று, 'இல்லை' என்று அனுப்பினான். இன்னும் ஏதாவது எழுத நினைத்தான். எழுத ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் நல்லம்மாவும் வேனில் இருந்தாள். கொஞ்ச நாள் மகளோடு இருக்கிறேன் என்று தானாகவே சொல்லி ஏறிக்கொண்டாள். மகளின் தோளில் சாய்ந்து தெல்தெனிய வருவதற்குள் தூங்கிவிட்டாள். சர்மிளா வெற்றுத் துணியை மடியில் வைத்திருந்தாள். நிரஞ்சன் மறுபடியும் துவாலையை நீட்டினான். இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள். வாங்கி, அவன் நகக்கண்ணில் இருந்த மண்ணைத் துடைக்கப் பார்த்தாள், அது போகவில்லை. துவாலையோடு அவன் கையையும் பிடித்துக்கொண்டாள். மன்னித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை விடவில்லை, அவ்வளவுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கிணற்றடிக்குப் போனாள். துணியை மண் போக அலசினாள். தண்ணீர் சிவப்பாக ஓடி, பிறகு தெளிந்தது. நன்றாகப் பிழிந்து உதறி, ஷெட்டுக்குள் கொண்டு போகாமல், தாழ்வாரத்துக் கொடியில் விரித்துப் போட்டாள்.

வெளியே மழை விடுவதாக இல்லை. அந்தத் துணி காய எப்படியும் சில நாட்கள் பிடிக்கும்.